ஆளுநரும் அவரே, முதலாளியும் அவரே

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை நிறுவிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்டைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவரை வள்ளலாக மட்டுமே அது காட்டுகிறது. கலிஃபோர்னியாவில் தங்கம் தேடி வந்தவர்களுக்குச் சரக்கு விற்றுப் பணம் சேர்த்த வியாபாரி அவர். 1861இல், கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கு நோக்கி ரயில்பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் ரயில்வே கம்பெனியின் தலைவரானார். 1862 ஜனவரியில் மாநில ஆளுநரும் ஆனார். முதல் பதவியை விடவே இல்லை! தன் கம்பெனிக்கு மாநில அரசின் உதவி கிடைக்கும் சட்டங்களில் ஆளுநராகத் தானே கையெழுத்திட்டார். இன்று யாராவது இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா?

பதவியேற்பு உரையில் ஆசியர்களைத் தாழ்ந்த இனம் என்று இகழ்ந்து, அவர்கள் குடியேறுவதைத் தடுக்கவேண்டும் என்றவர். சில ஆண்டுகளிலேயே சியரா நெவாடா மலையைக் குடைய அவருக்கு ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். 1867இல் அவர்கள் கூடுதல் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, நிர்வாகம் உணவுப் பொருள் வரத்தை நிறுத்திப் பணியவைத்தது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 1869 மே 10 அன்று, கிழக்கிலிருந்து வந்த ரயில்பாதையுடன் இந்தப் பாதை இணைந்ததைக் கொண்டாடித் தங்க ஆணி அடித்த விழாவுக்கு மட்டும் நீண்ட பத்தி.

பல்கலைக்கழகம் தொடங்கக் காரணமான துயரத்தை, மகனை 15 வயதில் டைஃபாய்டுக்குப் பறிகொடுத்ததை, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1893இல் ஸ்டான்ஃபோர்ட் இறந்தபின், ரயில்வே கடனுக்காக மத்திய அரசு தொடுத்த ஒன்றரைக் கோடி டாலர் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை நடத்தி வென்று, பல்கலைக்கழகத்தை மூடவிடாமல் காத்தவர் மனைவி ஜேன். அவர் பெயரையாவது சேர்த்திருக்கலாம்.