மாட்டுக்கு என்று வாங்கிப் போன தையல் நூல்

சேலம் கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்ன மெடிக்கல் கடை இருக்கிறது. நாலைந்து மாதமாக இரண்டு பையன்கள் கடை சாத்துகிற நேரத்துக்கு வந்து தையல் நூல், சிரிஞ்ச், பொவிடோன் களிம்பு, ஆன்டிபயாடிக் ஊசி மருந்து என்று வாங்கிப் போவார்கள். கேட்டால் "மாட்டுக்குண்ணா" என்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்தது என் தப்பு. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் அவர்கள் வந்த மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் ஒரு செவலை நாய் உட்கார்ந்திருந்தது. இரண்டு காதும் மண்டையோடு ஒட்ட அறுக்கப்பட்டிருந்தன. மூஞ்சி, கழுத்து, முன்னங்கால் முழுக்கத் தழும்பு. சிலது ஆறி வெளுத்துப் போயிருந்தது, சிலது இன்னும் ஈரமாக இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு அது வாலை ஆட்டியது. அது பந்தயச் சண்டைக்கு விடுகிற நாய் என்று தோன்றியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தெருநாய்கள் கடித்துக்கொள்வதை நான் சொல்லவில்லை. அதில் தோற்ற நாய் ஓடிவிடும். பணம் கட்டி நடத்தும் பந்தய நாய்ச் சண்டையில் ஓட வழி இருக்காது. அடைப்புக்குள் இரண்டையும் விட்டு, சுற்றி நின்று பணம் கட்டுவார்கள். பயிற்சிக்கு என்று தெருக்குட்டிகளைப் பிடித்துப் போடுவதும் உண்டு. உங்கள் பகுதியில் குட்டிகளும் பூனைகளும் திடீரென்று காணாமல் போனால் கவனியுங்கள். ஒன்றையொன்று எட்டாத தூரத்தில் கனமான சங்கிலியில் கட்டிய பல நாய்கள், மரக்கிளையில் பற்குறியோடு தொங்கும் டயர், ஆள் இல்லாத கொட்டகைக்கு ஞாயிறுதோறும் வந்து நிற்கும் வெளியூர் வண்டிகள். இதில் ஒன்றை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்படாதீர்கள். எஸ்டேட்டில் காவல் இருக்கும் நாய்க்குப் பன்றி குத்திய தழும்பு இருக்கும். நாலைந்து அறிகுறிகள் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் விஷயம்.

"இதுவும் ஜல்லிக்கட்டு மாதிரி வீர விளையாட்டுதானே" என்று கடையிலேயே ஒருவர் சொன்னார். இல்லை. ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு 2017-ல் சட்டத்தைத் திருத்தியது, 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நாய்ச் சண்டைக்கு அப்படி எந்த விலக்கும் கிடையாது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில் விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதையும் அதற்கு இடம் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீ, வடை காசு! இதை நினைத்தாலே வயிறு எரிகிறது. ஆனால் சண்டைக்களம் நடத்துகிறவரை வாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பந்தயப் பணத்துக்குச் சூதாட்டச் சட்டம் தனியாக இருக்கிறது.

சரி, நான் என்ன செய்தேன்? ஒரு காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். "சண்டையை நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதோடு முடிந்தது. இரண்டு வாரம் நானும் சும்மா இருந்துவிட்டேன். எங்கள் தெருவில் நாய்களுக்குச் சோறு வைக்கிற அக்காதான் என்னை உலுக்கினார். "நீ பார்த்ததை எழுதிக் கொடு தம்பி. மீதியைக் கண்டுபிடிக்கிறது அவங்க வேலை" என்றார்.

நம்மில் பலர் வாயைத் திறக்காமல் இருப்பது இதனால்தான். ஆதாரம் இல்லையே என்று பயப்படுகிறோம். கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் தேதியோடு இருந்தால் போதும். என் பில் புத்தகத்தைப் புரட்டினேன். அவர்கள் வாங்கிய பதினோரு பில்லில் ஒன்பது, ஞாயிறு ராத்திரி போட்டவை. அந்தத் தேதிகள், வண்டி நம்பர், நாயின் அடையாளம், கொட்டகை இருப்பதாகக் கேள்விப்பட்ட மாந்தோப்புக்குப் போகும் வழி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்தேன். நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து புகார் பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். அந்த ரசீது இல்லாமல் திரும்பி வராதீர்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே தெரிய வந்தால் உடனே 112. அடிபட்ட நாய் சாலையில் கிடந்தால் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு.

தயவுசெய்து நீங்களே தோப்புக்குள் போய் வீடியோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பிலும் போடாதீர்கள். ஒரே மணி நேரத்தில் நாய்களை இடம் மாற்றிவிடுவார்கள். சங்கிலியை அவிழ்த்துவிடவும் போகாதீர்கள், உங்கள் கைக்குத்தான் ஆபத்து.

மனு கொடுத்த மறு ஞாயிறு ஜீப் போனது. ஐந்து நாய்களை மீட்டார்கள். செவலை அதில் இல்லை.

இப்போதெல்லாம் மாட்டுக்கு என்று யார் வந்து மருந்து கேட்டாலும் சீட்டு கேட்கிறேன். அப்புறம், மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்றும் கேட்கிறேன்.