மூன்று சீட்டு தெரிந்தால் மட்டும் போதாது
நம் ஊர் மூன்று சீட்டு தெரிந்தவருக்கு கேசினோவில் ஆடும் த்ரீ கார்டு போக்கரில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. கிருஷ்ணகிரியில் பொங்கல் விடுமுறைதோறும் உறவினர்களோடு காசு வைக்காமல் ஆடிப் பழகிய நான், கோவாவின் ஒரு கேசினோவில், அதன் சார்பில் சீட்டுப் போட்டு ஆடும் டீலருக்கு எதிரே அமர்ந்தபோதுதான் வேறுபாட்டை உணர்ந்தேன். நம் ஊர் ஆட்டத்தில் மூன்று ஏஸ்தான் உச்சம். அங்கோ ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று சீட்டுகள் அதையும் வென்றுவிடும், ஏனெனில் மொத்தமுள்ள 22,100 சேர்க்கைகளில் ஒரே மதிப்புள்ள மூன்று சீட்டுகள் 52 விதமாக அமையும்போது, அந்த வரிசை 48 விதமாகத்தான் அமையும். அதைவிட முக்கியமாக, தொகையை ஏற்றி எதிராளியை மிரட்டி விலக்க அங்கே வழியே இல்லை. ஆன்டி எனும் முதல் பந்தயத்தைக் கட்டிச் சீட்டைப் பார்த்தபின், அதே அளவு தொகையை மீண்டும் வைத்து ஆடுவதா, ஆன்டியை விட்டுவிட்டு விலகுவதா என்பது மட்டுமே நம் முடிவு. கையில் ராணி, 6, 4 என்ற மூன்று சீட்டோ அதைவிட உயர்ந்ததோ இருந்தால் ஆடலாம். ராணி, 6, 3 என்றால் விலகுவதே சரி. டீலரின் சீட்டுகள் ராணி அளவுக்குக்கூட உயரவில்லையென்றால் ஆன்டிக்கு மட்டும் சம தொகை கிடைக்கும், இரண்டாவது பந்தயம் அப்படியே திரும்பிவிடும். ஜோடியோ அதைவிட உயர்ந்ததோ வந்தால் மட்டும் ஆட வேண்டும் என்று அக்கட்டுரைக்கு ஓசூர் வாசகர் ஒருவர் எழுதியிருப்பது பாதுகாப்பாகத் தோன்றலாம். ஆனால் ஏறக்குறைய நான்கில் மூன்று முறை ஜோடியோ அதைவிட உயர்ந்ததோ வராது என்பதால் ஆன்டி தொடர்ந்து கரையும், முதல் ஒரு மணி நேரம் அப்படி ஆடித்தான் நான் கொண்டுசென்ற பணத்தில் பாதியை இழந்தேன்.