மாதவிடாய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

“கருக்கலைப்புக்குப் பிறகு அடுத்த மாதவிடாய் வரும்வரை கரு தங்காது, அதுவரை கருத்தடை தேவையில்லை” என்று சொல்வதுண்டு. இது தவறு. கருமுட்டை வெளியாவது மாதவிடாய்க்கு முன்னால். பலருக்கு 3 வாரத்துக்குள், சிலருக்கு 8, 10 நாளிலேயே வெளியாகிவிடும். ஒரு மாதவிடாய்கூட வராமலே மறுபடி கரு தங்கலாம்.

கருத்தடை மாத்திரை, ஊசி, கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளாண்ட் ஆகியவற்றைக் கருக்கலைப்பு அன்றைக்கே தொடங்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உடல்நிலையைப் பொறுத்து எது ஒத்துவரும் என்பதை மருத்துவர் சொல்வார். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி என்றால் மட்டும் கரு முழுதாக வெளியேறியிருக்க வேண்டும், தொற்று இருக்கக் கூடாது.

அப்புறம், “காப்பர்-டி போட்டுக்கொண்டால்தான் கலைப்போம்” என்று மருத்துவமனையில் நிபந்தனை போடுவது சரியல்ல. இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்றாலும் அது அந்தப் பெண்ணின் முடிவு.