ஆமைக் குஞ்சுகளைத் தொட்டியில் வைப்பது பற்றி

இலங்கையின் தென்கரையில் உள்ள பொரிப்பகங்களுக்கு, அதாவது ஆமை முட்டைகளைக் காத்துப் பொரிக்க வைக்கும் இடங்களுக்கு, தன்னார்வலராகப் போக நினைப்பவர்களுக்காக, கடலாமைக் குஞ்சுகளைச் சில நாள் தொட்டியில் வைத்துத் தேற்றிய பிறகு விட்டால் அவை அதிகம் பிழைக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் அது சரியில்லை.

மணலைவிட்டு வெளியே வரும் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தச் சக்தியில்தான் அது முதல் ஒரு நாள் அளவுக்கு ஓயாமல் நீந்தி, கரையோரம் இரை தேடும் மீன்களைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போகிறது. தொட்டியில் போட்டால் அதே வேகத்தில் சுவரை முட்டி முட்டித் துடுப்படிக்கும். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் கடலில் விடும்போது அந்த வேகம் இருக்காது.

சரிபார்ப்பது எளிது. ஐயூசிஎன் (IUCN) என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கடலாமை நிபுணர் குழு 1999இல் வெளியிட்ட கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பொரிப்பகங்கள் பற்றிய பகுதியைப் படியுங்கள். அப்புறம், பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பொரிப்பகத்தாரிடமே கேளுங்கள்: குஞ்சுகள் வெளியே வந்தால் எப்போது கடலில் விடுவீர்கள்? "அன்று இரவே" என்றால் தாராளமாகப் போகலாம்.