உண்டியல் என்று சொன்னவருக்கு

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பார்ப்பதற்கு முன்னாலேயே, சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹாலைப் பராமரிக்க நாடகக்காரர்கள் நாங்கள் நிதி கேட்ட ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் காதால் கேட்டும் விட்டேன். "அதான் 32 கோடி போட்டு கார்ப்பரேஷன் பாத்துக்குதுல்ல, அப்புறம் நீங்க எதுக்கு சார் உண்டியலத் தூக்கிட்டு வர்றீங்க?" என்று ஒரு அண்ணன் கேட்டதும் கூட்டமே சிரித்தது. நல்ல டைமிங்தான், மறுக்கவில்லை. மேடையில் சொல்லியிருந்தால் கைத்தட்டல் விழுந்திருக்கும். ஆனால் ராத்திரி அதையே குரூப்பில் எழுதி, கீழே ஒரு உண்டியல் படத்தையும் போட்டு, "நாடகக்காரங்களுக்கு ஹால் ஓசில வேணும், அவ்ளோதான் மேட்டர்" என்று ஒரு வரியையும் சேர்த்தாரே, அதற்குத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் வரும். டீ குடித்துவிட்டு வந்து படியுங்கள்.

விக்டோரியா பப்ளிக் ஹால் கட்டடத்துக்கு நாங்கள் ஒரு பைசா கேட்கவில்லை. சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32.62 கோடி ரூபாய் என்று மாநகராட்சி எடுத்த வேலை அது. சந்தோஷம். நாங்கள் கேட்டது அதற்குப் பிறகு வரும் வருடங்களுக்கு. கட்டடத்தைப் பழுதுபார்க்க ஒருமுறை காசு போதும். அரங்கை நடத்த மாதா மாதம் காசு வேண்டும். இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மிச்சப் பதிவைப் படிக்கவே வேண்டாம், வேலையைப் பாருங்கள்.

புரியாதவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. அண்ணன் கிண்டல் செய்கிற அந்த உண்டியலில்தான் இந்த ஹாலே பிறந்தது. 1882-ல் பச்சையப்பன் மண்டபத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, பட்டணத்துக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று முடிவெடுத்து, வசூலுக்குக் கிளம்பினார்கள். 1883 டிசம்பரில் அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு (ஹம்பி விஜயநகரம் இல்லை, விசாகப்பட்டினம் பக்கத்து விஜயநகரம்). சமஸ்தானங்கள் கொடுத்தன, வியாபாரிகள் கொடுத்தார்கள். இடம் மட்டும் முனிசிபாலிட்டி கொடுத்தது: பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டு, 99 வருடக் குத்தகை. ராபர்ட் சிஸம் என்கிற வெள்ளைக்காரக் கட்டடக்கலைஞர் வரைந்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். கோபுரத்துக்கு மட்டும் திருவாங்கூர்ப் பாணியில் கூரை. சென்ட்ரலில் இறங்குகிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதாவது, படவேண்டியது. என் சின்ன வயதில் முன்னால் நின்ற சினிமா பேனர்களைத் தாண்டிக் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரியும்.

கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம். ஒவ்வொன்றிலும் 600 பேர் உட்காரலாம். மேலே 200 பேருக்கு மரத்தில் ஒரு கேலரி. 1896 டிசம்பரில் ஸ்டீவன்சன் என்கிற போட்டோ ஸ்டோர் முதலாளி இங்கேதான் அசையும் படம் காட்டினார். அடுத்த இரண்டே மாதத்தில் விவேகானந்தர் பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகக் குழுவான சுகுண விலாச சபா வருடக்கணக்கில் குடியிருந்து நாடகம் போட்ட இடமும் இதுதான். இவ்வளவு இருந்தும் எப்படிப் பாழாய்ப் போனது? யாரும் இடிக்கவில்லை. குண்டு விழவில்லை. 1936 வாக்கில் சபா வேறு இடத்துக்குப் போனது, நாடகம் குறைந்தது, வரும்படி குறைந்தது. 1980-களில் குத்தகை முடிந்தது. அப்புறம் வழக்கு. வழக்கு நடக்கும்போது ஓடு மாற்றுகிறவன் யார்?

இந்த மாதிரிக் கட்டடங்கள் மேலே இருந்துதான் சாகும். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணிக் கூரைத் தளத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் சின்ன அச்சுக்கல்லை (மெல்லிய செங்கல்) நிற்கவைத்து, சுண்ணாம்பில் அடுக்கி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சாந்து போட்டு, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கியது. நூறு வருடம் நிற்கும். ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் மழைநீர்க் குழாயில் அடைத்துக்கொண்ட சருகை ஒருத்தன் ஏறிக் கைவிட்டு எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் தண்ணீர் தேங்கும். காக்கா போட்ட எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைக்கும். சுண்டுவிரல் அளவு இருக்கும்போது பிடுங்கினால் இருநூறு ரூபாய்க் கூலி. மூன்று வருடம் விட்டால் வேர் சுவருக்குள் போய்விடும், அப்புறம் லட்சத்தில் பேசுவார்கள். அவசரத்துக்கு எவனாவது சிமென்ட் பூசிவிட்டால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர், சிமென்ட் உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டிவிடும். அந்தக் கூலிக்குத்தான் நிதி கேட்டோம் சாமி. 32 கோடி டெண்டரில் 2031-ஆம் வருட ஐப்பசிக்குச் சருகு எடுக்கிற ஆள் இருக்கிறானா? இருந்தால் காட்டுங்கள், இந்தப் பதிவை அழித்துவிடுகிறேன்.

கூட்டத்தில் நான் போட்ட கணக்கை யாரும் காதில் வாங்கவில்லை, இங்கே போடுகிறேன். ஒரு கோடி ரூபாய் வைப்பு நிதி. வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 7 லட்சம், மாதத்துக்கு 58 ஆயிரம் சொச்சம். இதில் ஒரு எலக்ட்ரீஷியன், துப்புரவுக்கு இரண்டு பேர், மழைக்கு முன் ஒரு தடவை கூரை வேலை. அவ்வளவுதான் தேறும். நாடகக்காரன் சாப்பிட இதில் என்ன மிச்சம் இருக்கிறது, சொல்லுங்கள். அசலில் கை வைக்கக் கூடாது என்று, கூட்டத்தில் கொடுத்த தாளில் முதல் விதியாகவே எழுதியிருந்தோம். அந்தத் தாளில்தான் பஜ்ஜி வைத்துச் சாப்பிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

"அரசாங்கச் சொத்து, அரசாங்கம் பார்த்துக்கும்" என்கிறார்கள். நான் அரசைத் திட்டவில்லை. ஆனால் பட்ஜெட்டில் ரிப்பன் வெட்டுகிற வேலைக்குக் காசு வரும், சருகு எடுக்கிற வேலைக்கு வராது. எந்த ஆட்சியிலும் இதே கதைதான். இதே சிஸம் வரைந்த செனட் ஹவுஸ் மெரினாவில் நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டி அதையும் அழகாகச் சீர்செய்தார்கள். உங்களில் எத்தனை பேர் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சி பார்த்திருக்கிறீர்கள்? கமென்ட்டில் சொல்லுங்கள், எண்ணிப் பார்ப்போம். சிம்லாவில் 1887-ல் திறந்த கெயிட்டி தியேட்டரைப் பாருங்கள். ஹென்றி இர்வின் வரைந்தது, நம்ம எழும்பூர் மியூசியம் தியேட்டரை வரைந்த அதே ஆள். 2009-ல் சீர்செய்து திறந்தார்கள், நாடகம் நடக்கிறது, சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கும் டிக்கெட். பம்பாயில் ராயல் ஓபரா ஹவுஸ் 1993-ல் மூடி 2016-ல் மறுபடி திறந்தது. கச்சேரி, நாடகம் என்று விளக்கு எரிகிறது. எரிகிற வரைக்கும்தான் கட்டடம் உயிரோடு இருக்கும். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896-லிருந்து நிற்கிறதென்றால், இன்றைக்கும் அங்கே எவனோ ஒருத்தன் ரிகர்சலுக்கு லேட்டாக ஓடிவருகிறான் என்பதால்தான்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால் கொட்டுமே என்று ஒரு யோசனை. கொட்டும். கூடவே மரப்படியில் சாம்பார் வாளி இறங்கும், தூணில் ஆணி அடித்து சீரியல் பல்பு தொங்கும், வீடியோக்காரன் லைட்டுக்கு ஒயர் இழுப்பான், பின்பக்கம் கேஸ் அடுப்பு எரியும். நூற்று முப்பது வருட மர விட்டங்களுக்குக் கீழே. இதில் வருகிற வாடகை அடுத்த 32 கோடிக்கு முன்பணமாகத்தான் ஆகும்.

"அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டலாமே." கட்டலாமே. கட்டுங்கள். போன வாரம் 18 ஆயிரத்துக்கு ஷூ வாங்கிப் படம் போட்டவரும் இதைக் கேட்கிறார், அதனால் இதற்கு மேல் பதில் இல்லை.

"வெள்ளைக்காரி பெயர் வைத்த கட்டடம் நமக்கு எதற்கு" என்று தோழர் ஒருவர். பெயரை மாற்றுவதா வேண்டாமா என்பதை நீங்களே பேசி முடிவுசெய்யுங்கள், எனக்கு இரண்டும் சம்மதம். கொடுத்த காசும் அடுக்கிய கல்லும் நம்முடையது.

கணக்கு யார் காட்டுவது என்று ஒரு தங்கை இன்பாக்ஸில் கேட்டார். நியாயமான கேள்வி. அறக்கட்டளையாகப் பதிவு, வருடாந்தர ஆடிட், நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ரசீது, எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. பஜ்ஜித் தாள். ஆனால் ஒன்று சொல்கிறேன்மா, தெருமுனைப் பந்தலுக்கு ஐயாயிரம் எழுதுகிறவனிடம் யாரும் ஆடிட் கேட்டு நான் பார்த்ததில்லை. நாடகம் என்றதும்தான் எல்லோருக்கும் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் மூளை விழித்துக்கொள்கிறது.

கடைசியாக, எல்லோரும் சுற்றிச்சுற்றி வந்து நிற்கிற இடம்: "இந்தக் காலத்துல நாடகம் எவன் சார் பாக்குறான்?"

அப்பா பெரம்பூர் ரயில்வேயில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து, கையில் ஒட்டிய கிரீஸைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு ரிகர்சலுக்குப் போவார். நாடகம் போடுவதைவிடக் காசு புரட்டுவதுதான் பெரிய வேலை. ஹால் வாடகை, மேக்கப், சீன் செட்டிங், மைக். அத்தனைக்கும் ஒரே வழி சாவனீர் மலர் விளம்பரம். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் கடை கடையாக ஏறுவார், நான் பை தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். அரைப் பக்கம் நூறு ரூபாய், கால் பக்கம் ஐம்பது. ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்காமல், "வேலைக்குப் போற ஆளுதானே நீ, எதுக்குய்யா இந்தக் கூத்தாடிப் பொழப்பு?" என்று கேட்டுக்கொண்டே பத்து ரூபாயை மேஜை மேல் போட்டார். கையில் கொடுக்கவில்லை, போட்டார். அப்பா சிரித்துக்கொண்டே எடுத்து, ரசீது எழுதி, பெயருக்கு முன்னால் "உயர்திரு" சேர்த்துக் கிழித்துக் கொடுத்தார். வெளியே வந்து என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மலரில் அந்தக் கடை விளம்பரம் கால் பக்கத்துக்கு வந்தது. மீதி நாற்பது யார் போட்டது என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் தேவையில்லை.

அந்தக் கூத்தாடி என்கிற சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் சம்பந்த முதலியார் 1891-ல் சபாவே ஆரம்பித்தார் என்று எனக்குத் தோன்றும். வக்கீல் அவர், பிறகு நீதிபதியானவர். படித்தவன், உத்தியோகத்தில் இருப்பவன் வேஷம் கட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்தும் கட்டினார், மற்றவர்களையும் கட்டவைத்தார். தீரர் சத்தியமூர்த்தி அந்த சபாவில் நடித்தவர். நடித்தவரே 1939-ல் சென்னை மேயராகி, ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரிப்பன் மாளிகையில் போய் உட்கார்ந்தார். இன்றைக்கு அதே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் நின்று நிதி கேட்டால் நாங்கள் உண்டியல்காரர்கள்.

நாடகத்தை எவன் பார்க்கிறான் என்று கேட்கிறீர்களே, பார்க்க ஹால் எங்கே இருக்கிறது? சென்னையில் சனி ஞாயிறு வாடகை கேட்டுப் பாருங்கள். சின்னக் குழுவால் ஒரு சாயங்காலத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஒரு சாயங்காலம் போட்ட நாடகம் இரண்டாம் நாள்தான் தேறும், அந்த இரண்டாம் நாள் எங்களுக்கு வருவதே இல்லை. நூறு பேர் வந்தால் ஹால் காலி என்று போட்டோ போடுகிறீர்கள். அந்த நூறு பேரும் தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் வந்தவர்கள். விக்டோரியா ஹாலுக்கு என்றால் மின்சார ரயிலில் வந்து இறங்கி நடந்தே வரலாம், நாடகம் விட்டதும் கடைசி வண்டியையும் பிடிக்கலாம். பட்டணத்தின் நட்டநடுவில் அப்படி ஒரு ஹால் இருந்தும், அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி வைத்துக்கொள்ளலாம், நாடகம் மட்டும் வேண்டாம் என்றால் அதற்கு 32 கோடி எதற்கு? நானே கேட்கிறேன் இப்போது.

ஓசியில் ஹால் கேட்கிறோமாம். நாங்கள் கேட்டது வாரத்துக்கு ஒரு நாள், சின்னக் குழுக்களுக்குக் குறைந்த வாடகை. ஓசி எது என்று தெரியவேண்டுமா? எங்கள் போன நாடகத்துக்கு இதே அண்ணன் போன் செய்தார். "தம்பி, ரெண்டு பாஸ் எடுத்து வைப்பா, முன்வரிசையா பாத்து. அண்ணியும் வர்றா." எடுத்து வைத்தேன். இடைவேளையில் காபி குடித்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். முன்வரிசையில் காலியாய்க் கிடந்த அந்த இரண்டு நாற்காலியைப் பார்த்துக்கொண்டேதான் மிச்ச நாடகத்தை நடித்தேன்.

அண்ணே, அடுத்த நாடகத்துக்கு டிக்கெட் 150 ரூபாய். ஜிபே நம்பர் போஸ்டரிலேயே இருக்கும்.