உண்மையைச் சொன்னவருக்குத்தான் கைவிலங்கு

நம் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் விவாதத்தைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அங்கே எழுதினால் நாலு பேர் ‘விடுங்க பாஸ்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால் இங்கே.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே டெக்சாஸில், ராத்திரி தன் கேஸ் ஸ்டேஷனை (பெட்ரோல் பங்க்) மூடிவிட்டு மனைவியோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நண்பரை, சிக்னல் போடாமல் லேன் மாறினார் என்று போலீஸ் நிறுத்தியது. லைசென்ஸ் கேட்டதும், கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே, “சார், இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, அதற்கு லைசென்ஸும் இருக்கிறது” என்று அவரே சொன்னார். அவ்வளவுதான். துப்பாக்கி முனையில் இறக்கி, மண்டி போட வைத்து, கைவிலங்கு மாட்டி, ரோட்டோரம் உட்கார வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் எல்லாம் சரிபார்த்த பிறகு லேன் மாறியதற்கு ஒரு வார்னிங் சீட்டு. ஒரு ‘ஸாரி’ கூடக் கிடையாது.

என் கோபத்தில் பாதிதான் அந்தப் போலீஸ்காரர் மேல். மீதி நம் ஆட்கள் மேல். ‘அவருக்கு எதுக்கு துப்பாக்கி?’, ‘தேவையா நமக்கு இதெல்லாம்?’, ‘உயிரோட விட்டாங்கல்ல, சந்தோஷப்படச் சொல்லுங்க.’ கடைசியாகச் சொன்னதை எழுதியவர் அவர் வீட்டில் பல தடவை சாப்பிட்டவர்.

எதற்குத் துப்பாக்கி என்று கேட்பவர்களுக்கு: அவர் கடையில் ஒருவன் கல்லாப் பணத்தை அள்ளிக்கொண்டு போனது உங்களுக்கே தெரியும். அப்புறம்தான் வகுப்புக்குப் போனார். டெக்சாஸில் அந்த லைசென்ஸ் வாங்க வகுப்பு முடிக்க வேண்டும், எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் 2021 செப்டம்பரிலிருந்து இங்கே 21 வயது ஆன, தடை எதுவும் இல்லாத ஒருவர் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். நண்பர் நினைத்திருந்தால் அந்த வழியில் போயிருக்கலாம். போகவில்லை. ‘நாளைக்கு யாராவது கேட்டா காட்ட ஒரு கார்டு இருக்கணும் அண்ணா’ என்று என்னிடம் சொன்னவர் அவர்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? லைசென்ஸ் உள்ளவர் துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் அடையாள அட்டை கேட்டால், டிரைவிங் லைசென்ஸோடு துப்பாக்கி லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும். பாதுகாப்புக்குத் தேவை என்று நியாயமாக நினைத்தால் அதிகாரி துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கைது செய்யவில்லை, ஆளால் ஆபத்தும் இல்லை என்றால், அந்த இடத்திலிருந்து அனுப்பும் முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எழுதி வைத்திருக்கிற சட்டம் இது. அதாவது, இப்படி ஒரு சூழ்நிலை வரும் என்று யோசித்து, இரண்டு பேரும் என்ன செய்ய வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. நண்பர் தன் பங்கைச் சரியாகச் செய்தார். எதிரே நின்றவர் செய்யவில்லை. நாம் கேள்வி கேட்பது நண்பரை.

திரும்பவும் சொல்கிறேன். அவர் மறைக்கவில்லை. அவர்தான் சொன்னார். சொன்னதற்குக் கிடைத்தது கைவிலங்கு.

ஃபிலாண்டோ காஸ்டில் என்ற பெயர் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மின்னசோட்டாவில் செயின்ட் பால் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் மேற்பார்வையாளர். 32 வயது கறுப்பினத்தவர். எந்தக் குழந்தைக்குப் பால் ஆகாது, எதற்கு எது ஒத்துக்காது என்று மனதில் வைத்திருந்தவர் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். துப்பாக்கிக்கு முறையாக லைசென்ஸ் வைத்திருந்தார். 2016 ஜூலை 6, ராத்திரி ஒன்பது மணி சுமார். பக்கத்து ஊரான ஃபால்கன் ஹைட்ஸில் பின் விளக்கு எரியவில்லை என்று காரை நிறுத்தினார் ஜெரோனிமோ யானெஸ் என்ற அதிகாரி. உண்மையில் அவர் மனதில் இருந்தது வேறு. ஒரு கொள்ளை வழக்கில் தேடப்படுபவரைப் போல இருக்கிறார், மூக்கு அகலமாக இருக்கிறது என்று அதற்கு முன்பே ரேடியோவில் சொல்லியிருந்தார்.

மின்னசோட்டா சட்டப்படி அதிகாரி கேட்டால்தான் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டும். காஸ்டில் கேட்காமலே சொன்னார். ‘சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்’ என்று மரியாதையாகச் சொன்னார். சொல்லிப் பத்து நொடிகூட ஆகவில்லை. ஏழு குண்டுகள். பக்கத்தில் காதலி. பின் சீட்டில் அந்தக் காதலியின் நாலு வயதுக் குழந்தை. ‘அதை எடுக்காதே’ என்று அதிகாரி சொல்ல, ‘எடுக்கவில்லை’ என்று இவரும் அந்தப் பெண்ணும் சொன்னது போலீஸ் காரின் வீடியோவிலேயே இருக்கிறது. துப்பாக்கி கடைசி வரை அவர் கால்சட்டைப் பையில்தான் இருந்தது. அதன் சேம்பரில், அதாவது சுடும் அறையில், தோட்டாகூட ஏற்றியிருக்கவில்லை.

2017 ஜூன் 16 அன்று ஜூரி அந்த அதிகாரியை விடுதலை செய்தது. காஸ்டிலின் அம்மாவுக்கு ஏறக்குறைய 30 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். துப்பாக்கி உரிமை என்றால் ஊரைக் கூட்டும் தேசிய ரைஃபிள் சங்கம், அவர் இறந்த இரண்டாம் நாள் ஓர் அறிக்கை விட்டது. அதில் காஸ்டிலின் பெயர்கூட இல்லை. சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்து, சட்டம் கேட்டதற்கும் மேலே போய் உண்மையைச் சொன்ன ஒரு மனிதன் செத்துப்போனான். அவனுக்கு இல்லாவிட்டால் அந்த உரிமை யாருக்கு?

உடனே ஒருவர் வருவார், ‘காரில் கஞ்சா வாசனை வந்ததாமே’ என்று. ஆமாம், அதிகாரி நீதிமன்றத்தில் அப்படித்தான் சொன்னார். இருக்கட்டும். வாசனை வந்தால் வழக்குப் போடு. இதற்கு மேல் அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

‘போலீஸ்காரனுக்கும் உயிர் பயம் இருக்காதா?’ என்பது வேறு. இது நியாயமான கேள்வி. 2021 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவில் டேரியன் ஜாரட் என்ற இளம் அதிகாரி ஒரு பிக்கப் டிரக்கை நிறுத்தினார். உள்ளே இருந்தவனிடம் துப்பாக்கி இருப்பதைப் பார்த்து, என் பாதுகாப்புக்காக நான் அதை எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று தன்மையாகக் கேட்டார். இறங்கியவன் ரைஃபிளால் சுட்டுக் கொன்றுவிட்டான். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதனால் பயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையை எடுக்காதே, அப்படியே இரு, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நிதானமாகச் சொல்லலாமே. காரிலிருந்து இறங்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கிறது, 1977-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்துவிட்டது. இவ்வளவும் கையில் இருக்கும்போது கைவிலங்கு எதற்கு? பயிற்சி வாங்கியவர் அவர். சம்பளம் வாங்குபவர் அவர். நிதானத்தை மட்டும், துப்பாக்கியை முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டிருக்கும் நண்பரிடம் எதிர்பார்ப்பார்களாம்.

நீதிமன்றம் கைகொடுக்கும் என்றும் நினைக்காதீர்கள். 2017-ல் மேற்கு வர்ஜீனியா வழக்கு ஒன்றில், முறைப்படி நிறுத்தப்பட்டவரிடம் ஆயுதம் இருப்பதாக நினைக்கக் காரணம் இருந்தாலே உடம்பைத் தடவிச் சோதிக்கலாம், அது சட்டப்படி வைத்திருக்கும் ஆயுதமா என்பது பொருட்டில்லை என்று அந்த மாநிலத்துக்கும் பொறுப்பான நாலாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு கையால் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் அதை வைத்திருப்பவனையே ஆபத்தானவன் என்று எழுதி வைக்கிறது இதே அரசாங்கம்.

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. என்னிடம் இல்லை, வாங்கவும் மாட்டேன். ஆனாலும் இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், அப்பா இங்கே வந்திருந்தபோது நடந்த ஒன்று.

ஹைவேயில் வேகமாகப் போனேன் என்று நிறுத்தினார்கள். நான் ஓரம்கட்டி கண்ணாடியை இறக்கிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் அப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். ஊரில் அதுதானே மரியாதை? போலீஸ் கை காட்டினால் வண்டியை விட்டு இறங்கி, ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு நாமாகப் போய் நிற்போம். இங்கே அது கொலைக்குற்றம் மாதிரி. அந்த அதிகாரி கத்திய கத்தலில் பின் சீட்டில் தூங்கிய மகள் எழுந்து அழுதாள். அவர் கை இடுப்புத் துப்பாக்கி மேல் இருந்தது. அப்பாவுக்கு என்ன சொல்கிறார் என்று புரியவில்லை, சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுக்கப் போனார். “அப்பா, கையை எடுங்க, கையை எடுங்க!” என்று நான் அலறியது என் குரல் மாதிரியே இல்லை. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரக்குழந்தை எதிரில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். வீடு வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி அம்மாவிடம் போனில், “உக்காந்துகிட்டே பேசுறது எப்படி மரியாதை ஆகும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது.

அவரிடம் மூக்குக்கண்ணாடிதான் இருந்தது.

இப்போது சொல்லுங்கள், ‘நமக்கு எதுக்கு துப்பாக்கி’ என்று தள்ளிவிட்டால் முடிந்துவிடுமா? நாம் நல்ல வேலையில் இருக்கிறோம், நல்ல பேட்டையில் வீடு வாங்கியிருக்கிறோம், அது வேறு யாருக்கோ நடப்பது என்ற நினைப்புதான் அந்தக் கமென்டுகளில் நாறுகிறது. காஸ்டில் கார் ஓட்டிய காலத்தில் குறைந்தது 46 தடவை நிறுத்தப்பட்டவர். நம்மில் யாரையாவது அப்படி நிறுத்தியிருந்தால் ‘உயிரோட விட்டாங்கல்ல’ என்று எழுத விரல் வருமா?

டெக்சாஸில் 2017-ல் சட்டம் போட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்குப் போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வைத்திருக்கிறார்கள். போலீஸுக்கும் அதில் பயிற்சி உண்டு. நல்லது. என் மகளும் அந்த வகுப்புக்குப் போவாள், கையை ஸ்டியரிங்கில் வைக்கக் கற்றுக்கொள்வாள். அவள் கற்றுக்கொண்டதைச் சரியாகச் செய்தால் பத்திரமாக வீடு திரும்புவாள் என்று யாராவது எனக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? நண்பரும் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்துக் கூட்டத்துக்குக் காவல் துறையிலிருந்து ஓர் அதிகாரி பேச வருகிறார். வழக்கம்போல பூட்டு, கேமரா, தீபாவளி சமயத்துத் திருட்டு பற்றிச் சொல்வார். லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவர் தானாகச் சொன்னால் உங்கள் ஆட்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், அதை எங்களுக்குக் காட்டுங்கள் என்று எழுந்து கேட்கப் போகிறேன். ‘வந்த இடத்தில் அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்’ என்று நிர்வாகிகள் ஏற்கெனவே போன் செய்துவிட்டார்கள். கேட்பேன். நண்பரும் மனைவியோடு வருகிறார், முன்வரிசையில் அவருக்கு இடம் போட்டு வையுங்கள்.