நெட்ரின் இழுக்க மட்டுமா செய்கிறது?
நெட்ரின் என்ற புரதம் வளரும் நரம்பிழையை, அதாவது நரம்பு செல்லிலிருந்து நீளும் இழையை, தன் பக்கம் இழுக்கிறது, மூளையின் இணைப்புகள் அப்படித்தான் அமைகின்றன என்று உங்கள் கட்டுரை முடித்துவிடுகிறது. அது பாதி உண்மைதான். 1994இல் மார்க் டெசியர்-லவீன் குழு கோழிக் கருவின் மூளையிலிருந்து நெட்ரினைப் பிரித்தெடுத்தபோது தெரிந்தது இழுக்கும் குணம். அடுத்த ஆண்டே அதே ஆய்வகம், கண்ணை அசைக்கும் ட்ராக்ளியர் நரம்பின் இழைகளை நெட்ரின் விலக்கித் தள்ளுகிறது என்று காட்டியது. எனக்கு இதைவிட வியப்பு 1997இல் வந்த சோதனைதான். தவளைக் கருவின் நரம்பு செல்லில், விரித்த உள்ளங்கை போலிருக்கும் இழையின் நுனி, நெட்ரின் வரும் பக்கமாகத் திரும்பியது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியின் வேலையைத் தடுத்ததும் அதே வகை நுனி எதிர்ப்பக்கம் விலகிப் போனது. வெளியே இருந்த சிக்னல் துளியும் மாறவில்லை, செல்லின் உள்நிலைதான் மாறியது. மேலே பின்னூட்டத்தில் ஒருவர், இதெல்லாம் ஆய்வகத் தட்டோடு சரி, மனிதருக்கு என்ன என்று கேட்டிருக்கிறார். நெட்ரினை உணரும் ஏற்பிக்கான (செல்லின் மேற்பரப்பில் சிக்னலைப் பிடிக்கும் புரதம்) டிசிசி மரபணுவில் பழுது உள்ள சிலருக்குப் பிறவியிலேயே 'கண்ணாடி அசைவு' இருப்பதை 2010இல் கண்டுபிடித்தார்கள். வலது கை விரல்களை மடக்கினால் இடது கை விரல்களும் தாமாகவே மடங்கும். உடலின் இட வலப் பக்கங்களைப் பிரிக்கும் நடுக்கோட்டைக் கடக்க வேண்டிய இழைகள் ஒழுங்காகக் கடக்காததுதான் காரணம் என்கிறார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். சிக்னலை மட்டும் சொல்லி ஏற்பியை விட்டுவிட்டால் அவர்களுக்குப் பாதிப் பாடம்தான் போய்ச் சேரும். அடுத்த பகுதியில் ஏற்பிகளைப் பற்றியும் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.